முள்ளை அசைப்பது எது?

பழைய ஜீப்புகள், லாரிகள் சிலவற்றின் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தால், எஞ்சின் பக்கத்துத் தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு செப்புக்குழாய் உள்ளே வருவது தெரியும். பென்சிலைவிட ஒல்லியான குழாய். ஆயில் பிரஷர் மீட்டரின் முதுகில் போய் முடிகிறது. அதற்குள் நிறைந்திருப்பது எஞ்சின் ஆயிலேதான். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கு எந்த அழுத்தத்தில் ஆயில் போகிறதோ, அதே அழுத்தத்தோடு ஓட்டுநரின் முழங்காலுக்கு ஒரு சாண் தொலைவில் வந்து நிற்கிறது. மீட்டரின் முள்ளை அசைப்பது அந்த ஆயில்தான்.

இன்றைய பெரும்பாலான கார்களில் அந்த மீட்டரே கிடையாது. அதன் இடத்தில் ஆயில் கேன் வடிவில் ஒரு சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியதும் எரியும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையும். பல வண்டிகளில் அது மறுபடி எரிவது அழுத்தம் 5 அல்லது 7 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்த பிறகுதான். எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றினால் 10 பிஎஸ்ஐயாவது வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. நெடுஞ்சாலையில் 3000 சுற்றில் ஓடும்போது 30 இருக்க வேண்டிய இடத்தில் 15தான் இருக்கிறது என்றால், விளக்கு வாய் திறக்காது. பேரிங் தேய்ந்துகொண்டே போவது ஓட்டுநருக்குத் தெரியாது. பழைய காரை அக்கறையோடு வைத்திருப்பவர்களும், டர்போ பொருத்தி எஞ்சினிடம் கூடுதல் வேலை வாங்குபவர்களும் தனியாக மீட்டர் வாங்கி மாட்டுவது இதனால்தான்.

மாட்டப் போனால் முதல் கேள்வி வந்துவிடும்: மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கா? மெக்கானிக்கல் துல்லியமானது, எலக்ட்ரிக் வசதியானது என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. பழைய மீட்டர்கள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்த பிறகு, இந்த இரண்டு பெயர்களுமே நம்மை வழிதவற வைக்கின்றன என்று எனக்குத் தோன்றியது.

மெக்கானிக்கல் ஆயில் மீட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே பித்தளையில் ஒரு வளைந்த குழாய் இருக்கும். ஏறக்குறைய வட்டமாக வளைந்து, ஒரு முனை அடைக்கப்பட்டு, பக்கவாட்டில் சப்பையாக நசுக்கப்பட்டிருக்கும். போர்டன் குழாய் என்று பெயர். யூஜீன் போர்டன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சுருள் குழாய் தவறுதலாக நசுங்கிவிட, அதை நிமிர்த்துவதற்காக ஒரு முனையை அடைத்து மறுமுனையில் தண்ணீரை அழுத்திச் செலுத்தியபோது, சுருளே பிரிந்து விரியத் தொடங்கியதாம். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள்.

திருவிழாக் கடைகளில் விற்கும் காகிதச் சுருள் ஊதலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதினால் சுருள் விரிந்து நீண்டு எதிரே நிற்பவரின் மூக்கைத் தொடும். போர்டன் குழாயும் கிட்டத்தட்ட அதையே செய்கிறது. ஏன் விரிகிறது என்பதற்கு ஓர் அழகான காரணம் இருக்கிறது. வளைந்த சாலையில் வெளி ஓரமாக நடப்பவர் உள் ஓரமாக நடப்பவரைவிட அதிக தூரம் நடக்க வேண்டும். சாலை எவ்வளவு அகலமோ, எவ்வளவு வளைந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த வித்தியாசம் கூடும். வளைந்த குழாயிலும் அப்படித்தான். வெளிச் சுவர் நீளம், உள் சுவர் குட்டை. உள்ளே அழுத்தம் ஏறும்போது சப்பையான குழாய் உப்பி, உருண்டையாகப் பார்க்கிறது. இரு சுவர்களுக்கும் இடையிலான அகலம் கூடுகிறது. ஆனால் சுவர்களின் நீளத்தைப் பித்தளை அவ்வளவு எளிதில் மாற்றிக்கொள்ளாது. அகலம் கூடியும் நீள வித்தியாசம் மாறாமல் இருக்க வேண்டுமானால் வளைவு குறைந்தே ஆக வேண்டும். குழாய் நிமிர்கிறது. நுனி நகர்வது சில மில்லிமீட்டர்தான். சின்னப் பல்சக்கரம் ஒன்று அந்த நகர்வைப் பெருக்கி, முள்ளை முக்கால் வட்டத்துக்குச் சுழற்றுகிறது.

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் குழாய்க்கு ஓய்வில்லை. டயர் கடை கம்ப்ரசரிலும், ஆக்சிஜன் சிலிண்டரின் தலையிலும், நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினிலும் இருப்பது இதுதான். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். அழுத்தம் ஒன்று இருந்தால் போதும்.

அதே குழாயை வைத்து வெப்பத்தையும் அளக்க முடியும் என்று கண்டவர்களின் புத்தியை நான் இன்னும் வியக்கிறேன். மெக்கானிக்கல் டெம்பரேச்சர் மீட்டரோடு சேர்ந்தே தலைமுடி அளவு துளையுள்ள நீண்ட செப்புக்குழாயும், அதன் நுனியில் ஒரு குமிழும் வரும். குமிழுக்குள் ஈதர் போன்ற, எளிதில் ஆவியாகும் திரவம். குமிழை எஞ்சினின் தண்ணீர் ஓடும் பாதையில் திருகிவிட்டால், தண்ணீரின் சூட்டில் ஈதர் ஆவியாகி, அந்த ஆவியின் அழுத்தம் குழாய் வழியே மீட்டருக்குள் இருக்கும் போர்டன் குழாயை நிமிர்த்துகிறது. அதாவது, டெம்பரேச்சர் மீட்டர் என்று பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அழுத்தமானிதான்.

ஈதர் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். 100 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஆறு மடங்கைத் தாண்டிவிடும். இந்த ஏற்றம் சீரானதல்ல. 40இலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கூடும் அழுத்தத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு, 100இலிருந்து 120க்குப் போகும்போது கூடுகிறது. ஆகவே இந்த மீட்டர்களின் முகத்தில் எண்கள் சம இடைவெளியில் இருப்பதில்லை. குளிர்ந்த பக்கம் நெருக்கியடித்துக்கொண்டும் சூடான பக்கம் விலகி விலகியும் இருக்கும். எந்தப் பக்கத்தில் ஓட்டுநருக்குக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறதோ, அந்தப் பக்கத்திலேயே அளவு விரிந்து கிடக்கிறது. இதை யாரும் வடிவமைக்கவில்லை. ஈதரின் இயல்பே அது. இன்னொன்றும் உண்டு. குமிழுக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது குமிழின் சூடு மட்டுமே. வழியில் குழாய் சூடான இடத்தைக் கடந்து வந்தாலும் கணக்கு பெரிதாகக் கெடாது. ஆனால் இந்தக் குழாயை வெட்டி ஒட்ட முடியாது. மடங்கி ஒடிந்து ஈதர் போய்விட்டால் மீட்டர் முழுவதற்கும் ஆயுள் முடிந்தது.

இதுவரை மெக்கானிக்கல் என்ற பெயர் பொருந்தத்தான் செய்கிறது. அடுத்து, பழைய ஸ்பீடோமீட்டரைத் திறந்து பாருங்கள். மீட்டர் கேபிள் அறுந்தால் முள் படுத்துவிடும் என்பது பழைய பைக் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். சக்கரமோ கியர் பாக்ஸோ சுழற்றும் கேபிள் அது. பல அமெரிக்கக் கார்களில் ஒரு மைலுக்கு ஆயிரம் சுற்று என்று கணக்கு வைத்திருந்தார்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுழலும். அந்தச் சுழற்சி முள்ளை எப்படி அடைகிறது? முள் சுற்றிக்கொண்டே இருப்பதில்லையே, ஓரிடத்தில் நிற்கிறதல்லவா?

கேபிளின் நுனியில் ஒரு காந்தம் சுழல்கிறது. அதை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தோடு முள். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தம் அலுமினியத்தை ஈர்க்கவும் செய்யாது. ஆனால் காந்தம் அருகில் ஓடும்போது அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அந்த மின்னோட்டங்கள் காந்தத்தோடு மல்லுக்கட்டி, கிண்ணத்தையும் அதே திசையில் இழுத்துப் போகப் பார்க்கின்றன. மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் கிண்ணத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வேகம் கூடக்கூட இழுப்பு கூடும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஸ்ட்ராஸ்பூர்கில் வாழ்ந்த ஓட்டோ ஷுல்ட்சே 1902இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆக, மெக்கானிக்கல் ஸ்பீடோமீட்டர் என்று நாம் அழைப்பதற்குள் கடைசி அடியை எடுத்து வைப்பது மின்சாரம். பேட்டரியிலிருந்து ஒரு துளிகூட வாங்காமல், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே அந்த இடத்திலேயே உண்டாக்கிக்கொள்கிறது.

இனி எலக்ட்ரிக் பக்கம். பல பழைய கார்களின் பெட்ரோல் மீட்டருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய சூடேற்றும் கம்பி. டாங்கில் மிதக்கும் ஃப்ளோட், பெட்ரோலின் மட்டத்துக்கேற்ப மின்தடையை மாற்றுகிறது. தடை குறைந்தால் கம்பியில் மின்னோட்டம் கூடி, பட்டை சூடாகிறது. இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் பட்டை வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. எலக்ட்ரிக் மீட்டர் என்று பெயர். முள்ளைத் தள்ளுவதோ சூட்டில் வளையும் உலோகம்! பழைய கார்களில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் முள் சோம்பல் முறித்தபடி மெல்ல ஏறுவது இதனால்தான். பட்டை சூடாக நேரம் வேண்டும். அந்தச் சோம்பலால் ஒரு நன்மையும் உண்டு. வளைவுகளில் டாங்கில் பெட்ரோல் அலம்பினாலும் முள் ஆடாமல் நிற்கும்.

ஒரு சிக்கல்: பேட்டரியின் வோல்டேஜ் ஏறி இறங்கினால் பட்டையின் சூடும் மாறிவிடும். எனவே மீட்டர்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தார்கள். அதற்குள்ளும் அதே போன்ற பட்டைதான். சூடானால் தொடர்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். விட்டு விட்டுத் தருவதன் சராசரி, பிரிட்டிஷ் கார்களில் ஏறக்குறைய 10 வோல்ட். பழைய காரில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏறினால், எஞ்சினைத் தொடுவதற்கு முன் இந்தச் சின்னப் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். டாங்க் தானாக நிறைவதில்லை.

பிறகு வந்த மீட்டர்களில் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சுற்றிய கம்பிச் சுருள்களும், முள்ளின் அச்சில் ஒரு சின்னக் காந்தமும் இருந்தன. இரு சுருள்களின் பலத்துக்கும் உள்ள விகிதம்தான் முள் நிற்கும் திசையை முடிவு செய்கிறது. பேட்டரி தளர்ந்தால் இரண்டும் சேர்ந்தே தளரும், விகிதம் மாறாது. ஸ்டெபிலைசர் தேவையில்லாமல் போயிற்று. இன்று அந்த இடத்தில் ஸ்டெப்பர் மோட்டார். எத்தனை அடி நகர வேண்டும் என்று கணினி எண்ணிச் சொல்கிறது, முள் அத்தனை அடி நகர்கிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு மெக்கானிக்கலா எலக்ட்ரிக்கா என்ற கேள்வியை நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். எஞ்சினிலிருந்து என் கண்ணெதிருக்கு வருவது பொருளா, அதைப் பற்றிய சேதியா?

பொருளே வரும் மீட்டரில் நடுவில் யாரும் இல்லை. ஃபோர்டு மாடல் ஏ காரில் பெட்ரோல் டாங்கே டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது. ஃப்ளோட்டோடு சேர்ந்து திரும்பும் எண்களை ஒரு கண்ணாடித் துளை வழியே நேராகப் பார்க்கலாம். அதைவிட நேரடியான மீட்டர் கிடையாது. ஆனால் அதற்கு விலை, மடிக்கு மேலே ஒரு டாங்க் பெட்ரோல். பழைய அம்மீட்டரும் இந்த வகைதான். எலக்ட்ரிக் மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வண்டியின் மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் டேஷ்போர்டுக்குள் வந்து அதன் வழியாகத்தான் திரும்பிப் போகும். ஒரு முனை தளர்ந்து சூடானால் ஒயர் கட்டே எரியும். அம்மீட்டர் போய் வோல்ட் மீட்டர் வந்ததற்கு இது முக்கியமான காரணம். வோல்ட் மீட்டர் துளி மின்சாரத்தை மட்டுமே எடுத்து, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நலம் என்று சொல்லிவிடுகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, காருக்குள் எதை அனுமதிக்கப் போகிறோம் என்பது. டர்போவின் பூஸ்ட் அழுத்தமா? வருவது காற்று. ரப்பர் குழாய் கழன்றால் உஸ்ஸென்று சத்தம் வரும், எஞ்சின் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். மெக்கானிக்கல் தாராளமாக மாட்டலாம். ஃபியூவல் பிரஷரா? பெட்ரோல் நிறைந்த குழாயை ஆள் உட்காரும் இடத்துக்குள் ஒருபோதும் கொண்டுவரக் கூடாது. எலக்ட்ரிக்தான், யோசிக்கவே வேண்டாம். ஆயில் பிரஷர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குழாய் உடைந்தால் கொதிக்கும் ஆயில் காலில் கொட்டும். உரசும் இடங்களில் ரப்பர் வளையம் போட்டு, செப்புக்குழாயை அதிர்வு தாங்கும்படி ஒரு சுருள் சுற்றிக் கட்டுபவருக்கு அது நீண்ட நாள் உழைக்கும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் எலக்ட்ரிக்கே நல்லது.

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் பெரியது. மீட்டர் பழுதானால் முள் எந்தப் பக்கம் சாயும்? மெக்கானிக்கல் ஆயில் மீட்டரின் குழாய் உடைந்தால் முள் பூஜ்யத்துக்கு விழும். ஓட்டுநர் பதறி வண்டியை நிறுத்துவார். ஆயில் உண்மையிலேயே வெளியே போய்க்கொண்டிருப்பதால் அந்தப் பதற்றம் நியாயமானது. டெம்பரேச்சர் மீட்டரில் இது தலைகீழ். ஈதர் ஒழுகிவிட்டால் முள் குளிர்ந்த பக்கம் படுத்துக்கொள்ளும், எஞ்சின் கொதித்தாலும். எலக்ட்ரிக் டெம்பரேச்சர் சென்சாரிலும் அப்படியே. சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை அது. ஒயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகி, எஞ்சின் பச்சைத் தண்ணீர் போல் குளிர்ந்திருப்பதாகக் காட்டும். ரேடியேட்டரில் தண்ணீரே தீர்ந்துபோனாலும் ஆபத்துதான். சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் தொங்கினால், எந்த வகை மீட்டரானாலும் உண்மையைச் சொல்லாது.

எலக்ட்ரிக் ஆயில் மீட்டரில் விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஐரோப்பிய வழக்கத்தில் சென்சாரின் தடை, அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் 180 ஓம். அமெரிக்க வழக்கத்தில் பூஜ்யத்துக்கு 240 ஓம், முழு அழுத்தத்துக்கு 33 ஓம். ஒயர் அறுந்தால் முதல் வகையில் முள் உச்சிக்குப் போகும், இரண்டாவது வகையில் பூஜ்யத்துக்கு விழும். ஒரே பழுது, ஒன்று ஆறுதல் சொல்கிறது, மற்றது எச்சரிக்கிறது. எனக்கு எச்சரிப்பதே வேண்டும். ஒரு வகை மீட்டரோடு மற்ற வகை சென்சாரைச் சேர்த்தால் காட்டுவது முழுக்கத் தலைகீழாகிவிடும். இரண்டையும் ஜோடியாகவே வாங்குங்கள். பல சென்சார்களுக்கு எர்த், அதன் மரை வழியாகத்தான் எஞ்சினிலிருந்து கிடைக்கிறது. ஒழுகாமல் இருக்கட்டும் என்று பிளம்பர் வெள்ளை டேப்பை மரையில் கனமாகச் சுற்றினால் அந்த எர்த் கெடும். பிறகு முள் பொய் சொல்லும், பழி எஞ்சின் மேல் விழும்.

மூன்றாவது கேள்வி, சேதியை நடுவில் யாராவது திருத்துகிறார்களா என்பது. காருக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் கேன் பஸ்ஸை பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகம் செய்த பிறகு, மெல்ல மெல்ல சென்சாருக்கும் முள்ளுக்கும் இடையே கணினி உட்கார்ந்தது. பல புதிய கார்களில் டெம்பரேச்சர் முள் நடுவில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். தண்ணீர் 80 டிகிரியானாலும் 100ஆனாலும் அதே இடம். முள் சற்று ஏறினாலே பயந்து சர்வீஸுக்கு ஓடி வருபவர்கள் அதிகம் என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் 1990களின் தொடக்கத்தில் உண்மையாகவே அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருந்த ஆயில் மீட்டருக்குப் பின்னால், சில ஆண்டுகளில் வெறும் சுவிட்சை வைத்தார்கள். முகம் அதே முகம். குறைந்தபட்ச அழுத்தம் இருந்தால் முள் நடுவில் நிற்கும், இல்லையென்றால் விழும். விளக்கு செய்யும் வேலையை மீட்டரின் வேஷத்தில் செய்தது அது. இது எனக்குச் சம்மதமே இல்லை. விளக்கு, தான் விளக்கு என்பதை மறைப்பதில்லை. எண்களோடு முள் வைத்தால் அது அளந்தே ஆக வேண்டும்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழுது கண்டறிவதற்காக ஸ்டீயரிங்குக்குக் கீழே வைத்திருக்கும் ஓபிடி துளையில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால், கணினி தனக்குள் வைத்திருக்கும் திருத்தாத டெம்பரேச்சர் எண் கைபேசியில் வரும். ஆயில் அழுத்தம் மட்டும் பெரும்பாலும் வராது. காரில் இருப்பதே வெறும் சுவிட்ச் என்றால் கணினிக்கும் அது தெரியாது. அதற்குத் தனி மீட்டர்தான்.

ஒரு பழைய காருக்கு என்னிடம் கேட்டால், ஆயிலுக்கு மெக்கானிக்கல் அல்லது நல்ல ஜோடி எலக்ட்ரிக், பேட்டரிக்கு வோல்ட் மீட்டர், தண்ணீருக்கு மெக்கானிக்கல் என்பேன். தண்ணீருக்கு ஏன் மெக்கானிக்கல் என்றால், அது சாவியைப் பொருட்படுத்தாது. மலையேறி வந்து எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் பம்ப் நின்றுவிட்டது, ரேடியேட்டருக்கு ஓட்டமில்லை. ஆனால் இரும்பில் தேங்கிய சூடு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நிசப்தமான வண்டியில் முள் இன்னும் மேலே ஏறும், சில நிமிடம் நிற்கும், பிறகு இறங்கத் தொடங்கும். எஞ்சின் நின்ற பிறகும் அதற்குள் நடப்பதை இந்த மீட்டர் மட்டுமே காட்டும். எலக்ட்ரிக் மீட்டர் சாவியோடு சேர்ந்து தூங்கிவிடும்.

எதை வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வையுங்கள். மெக்கானிக்கல் என்றால் குமிழை அப்படியே தண்ணீரில் விட்டு, மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றால் போதும். எலக்ட்ரிக் என்றால் ஒரு 12 வோல்ட் பேட்டரியும், சென்சாரின் உடம்பிலிருந்து நெகட்டிவுக்கு ஓர் ஒயரும் வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது சென்னையில் முள் 100 டிகிரியில் நிற்க வேண்டும். உதகமண்டலத்தில் சோதித்தால் 92, 93இல்தான் நிற்கும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்த ஊரில் தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான். அங்கே 93 காட்டும் மீட்டரைப் பழுது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.